அத்தியாயம் 6: அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில்

மணாலியிலிருந்து லே போகிற சாலையில் தாண்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகளும் கூடுகிற இடம். அங்கே ஒரு பெட்ரோல் பங்க். பக்கத்திலேயே ஒரு பலகை: அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில். அந்தப் பலகை முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளாத பைக்காரர்கள் குறைவு. தமிழ் தெரிந்தவனுக்கு ஊர்ப்பெயரே போதும், தாண்டினால் பெட்ரோல் இல்லை.

நான் முதல் தடவை போனது அடல் சுரங்கம் திறப்பதற்கு முந்தைய காலத்தில். ரோத்தாங் கணவாய் ஏறி இறங்கித்தான் தாண்டிக்கு வரவேண்டும். பங்கில் நீண்ட வரிசை. மணாலியில் ஃபுல் டேங்க் போட்டாயிற்றே, 13 லிட்டர் டேங்க், 38 மைலேஜ், 494 கிலோமீட்டர் போகும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு, படம் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் பாங் என்ற இடத்துக் கூடாரங்களை நெருங்கும்போது வண்டி இருமியது. ரிசர்வில் திருப்பினேன். ஓடியது 297 கிலோமீட்டர்தான். 38 என்பது ஊரில் தனியாளாக, பையில்லாமல், ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஓட்டியபோது கிடைத்த எண். மூட்டை கட்டிக்கொண்டு மலையேறுகிற வண்டிக்கு அது 27. கூடாரக் கடையில் தண்ணீர் பாட்டிலில் 4 லிட்டர் வாங்கினேன், பங்க் விலையைப் போல இரண்டு மடங்கு. கொடுத்தவரைக் குறை சொல்ல முடியாது, அவர் அதை அவ்வளவு தூரம் தூக்கி வந்திருக்கிறார்.

நெடும்பயணத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது காசுக்காக மட்டும் அல்ல என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். காசுக் கணக்கும் சின்னதில்லை. சென்னையிலிருந்து லே போய்த் திரும்ப ஏறக்குறைய 6,400 கி.மீ. 28 மைலேஜில் 229 லிட்டர், 35 மைலேஜில் 183 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 4,600 ரூபாய் வித்தியாசம், நாலைந்து இரவு லாட்ஜ் வாடகை. ஆனால் அதைவிடப் பெரியது தூரம். ஒரு டேங்க் உங்களை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது தெரிந்தால் மாலை நான்கு மணிக்கு வயிற்றைக் கலக்காது.

உங்கள் வண்டியின் நிஜ எண்

கம்பெனி சொல்கிற மைலேஜ், நண்பர் சொல்கிற மைலேஜ், மீட்டரில் மின்னுகிற மைலேஜ் மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். டேங்க் டு டேங்க் மட்டுமே நம்பத்தக்கது. வண்டியை நேராக நிறுத்தி, ஒரு குறிப்பிட்ட மட்டம் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைச் சுழியாக்குங்கள். குறைந்தது 200 கி.மீ. ஓட்டிவிட்டு, அதே மட்டம் வரை மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் முடிந்தது. ஒரு முறை சைடு ஸ்டாண்டிலும் மறுமுறை சென்டர் ஸ்டாண்டிலும் நிரப்பினால் கணக்கு அரை லிட்டர் வரை கூடப் புரளும்.

இதைக் கிளம்புவதற்கு முன்பே, பயணத்துக்குக் கட்டப்போகிற அதே மூட்டையோடு, பின்னால் ஆள் வருவதானால் ஆளோடு செய்து பாருங்கள். நெடுஞ்சாலை எண் ஒன்று, மலை எண் ஒன்று. மலைக்கு வெகுதூரம் போக வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் வால்பாறையின் 40-உம் நம் ஊரிலேயே இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இரண்டில் குறைந்த எண்ணை எடுத்து, டேங்க் கொள்ளளவால் பெருக்கி, வருவதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். மீதிதான் உங்கள் தூரம். தாண்டி பலகையில் இருக்கிற 365 லே நகரம் வரை. அதற்கு 35 கி.மீ. முன்னதாகவே காருவில் பங்க் உண்டு, ஆகவே கடக்கவேண்டியது சுமார் 330. ஸ்ப்ளெண்டரில் டேங்க் 9.8 லிட்டர்தான், ஆனால் லிட்டருக்கு 50 கொடுத்தாலே 490, ஐந்தில் ஒரு பங்கு போக 392, கவலையில்லை. 10 லிட்டர் டேங்கும் 28 மைலேஜும் உள்ள வேகக்கார வண்டிக்கு 224. அதை ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல் கேன் கட்டாயம். பெரிய வண்டிதான் லடாக் போகும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

பழைய டைரியில் இருக்கிற எண்ணை அப்படியே நம்பவேண்டாம். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கலவையில் மொத்தச் சக்தி ஆறேழு சதவீதம் குறைகிறது. 2015-ல் 38 கொடுத்த வண்டி இன்று 36 கொடுத்தால் மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

காற்றுதான் பெட்ரோலைக் குடிக்கிறது

சமதளத்தில், நான்குவழிச் சாலையில் போகிற வண்டியின் பெரும் செலவு காற்றைக் கிழிப்பதற்குத்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கூடுவது கால் பங்கு, எதிர்ப்பு கூடுவது பாதிக்கும் மேல், 56 சதவீதம். மோட்டார் சைக்கிளுக்கு இது காரைவிடக் கொடுமை. காரைக் காற்றுக்கு வழுக்குகிற மாதிரி வடிவமைத்திருக்கிறார்கள். நாமோ கையை விரித்து, முழங்காலை அகட்டி, நெஞ்சைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம்.

என் வண்டி 80-ல் 35 கொடுக்கும், 100-ல் 28. 400 கி.மீ. நேர்சாலையில் 100-ல் போனால் கணக்குப்படி ஒரு மணி நேரம் மிச்சம். அதில் கால் மணி நேரம் கூடுதலாக ஒரு பங்கில் நிற்பதில் போகும். கை மரத்து, கழுத்து வலித்து, டீக்கடையில் நீளமாக உட்காருவதில் இன்னொரு அரை மணி நேரம். எரிபொருள் சிக்கனத்துக்கு மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தையே மத்திய அரசின் பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிச் சங்கம் வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. என்.எச். 44-ல் 50-ல் போனால் பின்னால் வரும் லாரி ஹாரனிலேயே உங்களைத் தள்ளிவிடும். 350 சிசி வண்டிக்கு 75–80, 125 சிசி வண்டிக்கு 60–65. இது என் தீர்ப்பு. ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் சற்றுக் கூட்டித்தான் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதிர்க்காற்று இதே கணக்கின் மறுபக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ஓட்டியவர்களுக்குத் தெரியும். முப்பந்தல் காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வந்து நெஞ்சில் மோதும். நீங்கள் 70-ல் போய், எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால், வண்டிக்கு அது 100. எதிர்ப்பு இரண்டு மடங்கு. அங்கே முறுக்கிக்கொண்டு போராடுவதைவிட 55-க்கு இறங்கிவிடுவது நல்லது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளிக் கடனை அடைத்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கிற பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமும் இப்படித்தான். காலையில் காற்று அடங்கியிருக்கும், அந்தப் பகுதியை விடிந்ததும் கடந்துவிடுங்கள்.

இப்போது மூட்டை. எல்லோரும் எடையைப் பற்றியே பேசுகிறார்கள். நான் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாண்டியிலிருந்து காரு வரை பாரலாச்சா லா, லாச்சுலுங் லா, 5,328 மீட்டர் உயரத் தங்லாங் லா என்று கணவாய்களின் ஏற்றங்களை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 4,000 மீட்டர் வரும். கூடுதலாக ஒரு 10 கிலோவை அவ்வளவு உயரம் தூக்கிக்கொண்டு அந்த 330 கிலோமீட்டரும் உருட்டுவதற்கு ஆகிற பெட்ரோல் நூறு, நூற்றைம்பது மில்லி. ஒரு டீ டம்ளர் அளவு. அதற்காகக் கம்பளிச் சட்டையை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், வழியில் சர்ச்சுவில் இரவு தங்கும்போது வருத்தப்படுவீர்கள்.

எடை பிரேக்கையும் டயரையும் வளைவில் உங்கள் சமநிலையையும் பாதிக்கும், அது வேறு அத்தியாயம். பெட்ரோலைப் பொறுத்தவரை மூட்டையின் வடிவம்தான் பேச்சு. இரண்டு பக்கமும் கழுதைப் பொதிபோலப் பிதுங்கி நிற்கிற சாடில் பேக், கிராஷ் கார்டில் முன்பக்கம் கட்டிய கேன், மேலே காற்றில் படபடக்கிற தார்ப்பாய், பொத்தான் போடாத மழைக்கோட்டு ஒவ்வொன்றும் உங்களை அகலமாக்கிக் காற்றிடம் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் முழங்காலின் அகலத்துக்குள், உங்கள் முதுகின் உயரத்துக்குள் மூட்டை ஒளிந்துகொள்ளட்டும். நீளமான பையாகப் பின்சீட்டில் கட்டி, வாரை இறுக்கி, தொங்குகிற முனையை மடித்துச் செருகுங்கள். முன்னால் பொருத்தும் கண்ணாடித் திரை எல்லோருக்கும் உதவும் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு மைலேஜ் கூடும், சிலருக்குக் குறையும். டேங்க் டு டேங்க் போட்டுப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்று மறையும், பெட்ரோல் மிச்சமாகும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. மிச்சமாவது உண்மைதான். லாரிக்காரர் குழியைப் பார்த்து பிரேக் அடித்தால், அவருடைய பம்பர்தான் நீங்கள் கடைசியாகப் பார்ப்பது. வேண்டாம்.

வலது மணிக்கட்டு

ஓட்டுகிற முறையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. முறுக்கிப் பிறகு பிரேக் அடிக்கிறவர், பெட்ரோலை பிரேக் சூடாக மாற்றிக்கொண்டு போகிறார். தூரத்தில் சுங்கச்சாவடி தெரிந்ததும் முறுக்கை விட்டு, வண்டி தானாகக் குறையட்டும். கியரைச் சீக்கிரம் மாற்றுங்கள், ஆனால் இன்ஜின் திணறித் தட்டுகிற அளவுக்குப் போகாதீர்கள். மேட்டில் டாப் கியரிலேயே பிடிவாதமாக இழுப்பது சிக்கனம் இல்லை. பாதி கிளட்ச் பிடித்தபடி ஏறுவதும் அப்படித்தான்.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது நம் ஊர்ப் பழக்கம். தொப்பூர்க் கணவாயில் லாரிக்காரர்கள் அப்படி உருட்டி என்ன ஆகிறது என்று தருமபுரிப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். பைக்கில் அது ஆபத்து மட்டும் இல்லை, வீணும்கூட. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்தபடி முறுக்கை முழுவதும் விட்டால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும், பெட்ரோல் தெளிப்பது நின்றுவிடும். நியூட்ரலுக்கு வந்தால் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் தேவைப்படும். ஆக, கியரில் இறங்குகிறவருக்குத்தான் லாபம்.

நகரங்களைக் கடக்கும் நேரத்தைத் திட்டமிடுங்கள். ஓசூரில் இரவு தங்கி, பெங்களூருவைக் காலை ஆறு மணிக்குள் கடந்துவிட்டால் மிச்சமாவது பெட்ரோல் மட்டுமில்லை, அன்றைய பொறுமையும்தான்.

கிளம்புவதற்கு முன்

கரூர்ப் பக்கம் ஒரு மெக்கானிக் கடையில், “அண்ணே, மைலேஜ் குறையுது, கார்புரேட்டரைப் பாருங்க” என்று போய் நின்றேன். அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. “பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓட்டுறீங்க தம்பி. பெட்ரோல் எங்க போவும்?” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் நான் செய்கிற முதல் வேலை அந்தச் சுற்றுதான். உரசுகிற பிரேக், காய்ந்த செயின், தேய்ந்த பேரிங் மூன்றும் அந்த ஒரு சுற்றில் தெரிந்துவிடும்.

செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். மழையில் நனைந்தால் அன்று மாலையே. தொய்வு எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், செயின் கார்டு பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆள் ஏறி, மூட்டை கட்டினால் இறுகிவிடும் என்பதால் கட்டிய பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும். டயர் காற்றைக் குளிர்ந்திருக்கும்போது, பின்னால் ஆள் இருந்தால் அதற்கென்று கொடுத்திருக்கிற அளவுக்கு அடியுங்கள். பெட்ரோல் போடும்போதெல்லாம் சூடான டயரில் காற்றைக் குறைத்துவிடுகிறவர்கள் மைலேஜையும் சேர்த்து இறக்கிவிடுகிறார்கள். சேற்றுக்கான முரட்டு டயரைத் தார்ச்சாலைப் பயணத்துக்கு மாட்டுவது வெறும் ஆடம்பரம். ஏர் ஃபில்டர், பிளக், ஆயில் மூன்றையும் சர்வீஸில் பார்த்துவிட்டால் போதும்.

பங்கில்

விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் அடர்த்தியாக வரும், லாபம் என்பது வெறும் நம்பிக்கை. பெட்ரோல் 10 டிகிரி சூட்டுக்கு ஒரு சதவீதம் அளவுக்கு விரிவது உண்மை. ஆனால் பங்கின் டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது, அங்கே காலையும் மதியமும் ஒன்றுதான். இந்த விரிவு உங்கள் டேங்கில்தான் வேலை காட்டும். கழுத்துவரை நிரப்பி மதிய வெயிலில் நிறுத்தினால் ஒழுகிப் போகும். நிரப்பினால் உடனே ஓட்டிக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

விலை கூடின பிரீமியம் பெட்ரோல், வண்டியின் கையேடு கேட்காதவரை, மைலேஜைக் கூட்டாது. அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவைக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பங்கிலும் அது இருந்தாகவேண்டும், கேட்பது உங்கள் உரிமை. மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறுவதால் விலையும் மாறும். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் நம்மூரைவிடக் கூடுதல். என்.எச். 44-ல் போகிறவர்கள் ஆந்திர எல்லைக்கு முன்னால், கர்நாடகத்தின் பாகேப்பள்ளிப் பக்கமே நிரப்பிக்கொள்வது வழக்கம். டெல்லி நெருங்க நெருங்க விலை இறங்கும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் ரிசர்வ் திருப்பி கிடையாது, விளக்கு மட்டும்தான். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் மூழ்கியிருக்கிறது, பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் போகும் என்று சோதித்துப் பார்ப்பதற்கான விலை ஒரு புது பம்ப்.

மலைமேல்

5,000 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். இன்ஜின் வலுவும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கிவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டி அழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்த பிறகு வாங்கிய வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அது தெரியாது. காற்று குறைகிற அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காமல் ஊற்றிக்கொண்டிருக்கும். கரும்புகை, திணறல், மைலேஜ் சரிவு மூன்றும் சேர்ந்து வரும். மணாலி மெக்கானிக்குகள் கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான ஜெட்டை எடுத்துவிட்டுச் சின்னதை மாட்டித் தருவார்கள். பழைய ஜெட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்து, இறங்கியதும் மாட்டிவிடுங்கள். சின்ன ஜெட்டோடு சமவெளி வெயிலில் ஓட்டினால் இன்ஜின் சூடேறிக் கெட்டுவிடும்.

லே சாலையில் வருகிற கட்டா லூப்ஸின் 21 வளைவுகளில் முழு முறுக்குக் கொடுத்தும் வண்டி ஏறாது. கியரை இறக்கி, சீராக விடுங்கள். அதற்கு அப்பால் பாங் தாண்டி வருகிற மோரே சமவெளி ஒரு சலுகை. 4,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமதளத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை, கிழிக்கவேண்டிய காற்றே குறைவு. 60-ல் நிதானமாகப் போனால் ஊரில் கிடைக்காத மைலேஜ் அங்கே கிடைக்கும். அந்த நேர்சாலையைப் பார்த்ததும் முறுக்குகிறவர்கள் அந்தச் சலுகையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

டயர் மேலே போகப்போகச் சற்று இறுகும். வெளியழுத்தம் குறைவதால் இறுகுவதில் பெரும்பகுதியைக் குளிர் எடுத்துவிடும், ஆகவே அவசரப்பட்டுக் காற்றைப் பிடுங்கவேண்டாம். கேன் கொண்டுபோவதானால் எரிபொருளுக்கென்றே செய்த கேனாக இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் வேண்டாம். கழுத்துவரை நிரப்பாதீர்கள். உயரத்தில் உள்ளே ஆவி அழுத்தம் கூடியிருக்கும், மூடியை மெதுவாக, முகத்தை விலக்கித் திறக்கவேண்டும். இன்ஜின் அருகிலோ சைலன்சர் பக்கமோ கட்டக்கூடாது. தேவைக்கு மேல் சுமக்கவும் வேண்டாம், உங்கள் கணக்குக்கும் 330-க்கும் உள்ள வித்தியாசத்துக்கு வேண்டியதை மட்டும் நிரப்புங்கள்.

இரண்டாம் தடவை அதே 13 லிட்டர் வண்டியில் போனேன். தாண்டியில் வரிசையில் நின்று ஃபுல் டேங்க் போட்டேன். பைகளைப் பின்சீட்டில் ஒடுக்கிக் கட்டியிருந்தேன், ஜெட் மாற்றியிருந்தேன், 60-ஐத் தாண்டவில்லை. காரு பங்கில் டேங்கை நிரப்பியபோது 10.3 லிட்டர் பிடித்தது. கேனைத் திறக்கவேயில்லை. அதிலிருந்த 3 லிட்டரை லேவில் நண்பர் வண்டிக்கு ஊற்றினோம்.